எவ்வளவு போச்சு என்று கேளுங்கள்: பிரசவ வார்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ‘வலியில்லா பிரசவம்’ பார்க்கும் மருத்துவமனைகளின் மகப்பேறு மருத்துவர்களுக்கும், மயக்கவியல் மருத்துவர்களுக்கும், பிரசவ வார்டில் இரவும் பகலும் நிற்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நான் 31 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் லேபர் வார்டில் கழிந்தது. போன வருடம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு தனியார் மருத்துவமனையில் எபிடியூரல், அதாவது பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி, போட்டுக் குழந்தை பிறந்தது. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குச் சிறுநீர் முழுதாகப் பிரியாமல் உள்ளே தேங்கிப்போனதைப் பற்றித்தான் இந்த மடல். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது எங்கும் நடக்கக்கூடியது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எபிடியூரலுக்கு எதிரி இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து ரத்தம் வரவைத்துக்கொண்ட எத்தனையோ பெண்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்போது எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ‘பொறுத்துக்கோம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான்’ என்ற ஒரே மருந்துதான் இருந்தது. சில நேரம் அதுகூட இருந்ததில்லை, அதட்டல்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது. வலி குறைய வேண்டும் என்று கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு எபிடியூரல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. என் மகள் கேட்டபோது, ‘தாராளமா போட்டுக்கோ’ என்று சொன்னவள் நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மாலை 5 மணிக்கு முதுகில் ஊசி போட்டு மெல்லிய குழாயைப் பொருத்தினார்கள். அரை மணி நேரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. சிரித்துப் பேசினாள். குழந்தை பிறந்தது விடியற்காலை 2:40க்கு. கடைசியில் முக்க முடியாமல் வேக்கம் வைத்து, அதாவது குழந்தையின் தலையில் உறிஞ்சு கிண்ணம் பொருத்தி, இழுத்து எடுத்தார்கள். தையல் உண்டு. வேக்கம் வைப்பதற்கு முன்னால், 2 மணி வாக்கில், டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்திருக்கிறார்கள். இதைப் பிறகு கேஸ் ஷீட்டில் (சிகிச்சைக் குறிப்புத் தாளில்) பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது.

காலை 6:30க்குக் கால் நன்றாக அசைந்தது. கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போனேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, ‘ஒண்ணுக்குப் போனியாம்மா?’ என்று கேட்டேன். ‘வந்துச்சும்மா, கொஞ்சம் கொஞ்சமா’ என்றாள். சரி, தையல் எரியும், அதனால் அடக்கி அடக்கிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். 7 மணிக்கு சிஸ்டர் வந்து, ‘யூரின் போனாங்களா?’ என்று கேட்டார். மகள் வாயைத் திறக்கும் முன்பே, ‘போனா’ என்று நானே சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். 8 மணிக்கு டியூட்டி மாறியது. அடுத்து வந்த சிஸ்டருக்குக் கைமாறிய தகவல், ‘பெட் நம்பர் நாலு, வேக்கம், யூரின் பாஸ் பண்ணிட்டாங்க’ என்பது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? தாளில்தான் எழுதியிருக்கிறதே.

நடுவில் டிரிப்ஸ் இரண்டு பாட்டில் ஏறியது. 10 மணிக்கு ஒருமுறை, 11:30க்கு ஒருமுறை கழிவறைக்குப் போய் வந்தாள். இரண்டு தடவையும் ‘கொஞ்சம் வந்துச்சு.’ சம்பந்தியம்மா வேறு, ‘பச்சை உடம்புக்குத் தண்ணி நிறைய குடுக்காதீங்க, வயிறு போட்டுரும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் அதிகம் குடிக்காததால் குறைவாகப் போகிறாள் போல என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ‘நீர் முட்டுதா?’ என்று கேட்டதற்கு, ‘இல்லம்மா, வயிறு மட்டும் கனமா இருக்கு’ என்றாள்.

மதியம் 1 மணிக்கு பேடு மாற்றும்போது கொஞ்சம் அதிகமாகவே நனைந்திருந்தது. அப்போதுதான் தாயின் கை போய் செவிலியின் கை வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை பிறந்த அன்றைக்கு கர்ப்பப்பையின் மேல் விளிம்பு தொப்புள் மட்டத்தில், இல்லையென்றால் அதற்குச் சற்றுக் கீழே, நடுவில் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். எனக்குத் தட்டுப்பட்டது தொப்புளுக்கு நாலு விரல் மேலே, வலது பக்கம் ஒதுங்கி. அதற்குக் கீழே அடிவயிற்றின் நடுவில் ஒரு மேடு, அமுக்கினால் தளும்புகிற மேடு. அழுத்தியபோது அவளுக்கு வலிக்கவில்லை. கொஞ்சம் சிறுநீர் தானாகவே கசிந்து துணியை நனைத்தது. அது அவளுக்குத் தெரியக்கூட இல்லை.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். டியூட்டி டாக்டர் வந்தார். கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் டியூப்) போட்டதும் யூரின் பேக்கின் கோடுகள் ஒவ்வொன்றாக மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 500, 800, 1,000. கடைசியில் 1,350 மில்லி. சாதாரணமாக ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பை 400 முதல் 600 மில்லி வரை தாங்கும். 11 மணி நேரமாக என் மகள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, மடியில் குழந்தையைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். 31 வருடம் வார்டில் நின்றவள் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, ‘போனா’ என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் அது. வழிவதைப் பார்த்துவிட்டு, தொட்டி காலியாகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை உங்களிடம் வரப்போகிற பெண்களும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் நாலு வரி எழுதுகிறேன். சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது என்ற சேதியை மேலே கொண்டுபோவதும், ‘இப்போ சுருங்கு’ என்ற உத்தரவைக் கீழே கொண்டுவருவதும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள். மருத்துவர்கள் எஸ்2, எஸ்3, எஸ்4 என்று சொல்வது அவற்றைத்தான். எபிடியூரலில் போகும் பியூபிவக்கேன் போன்ற மரப்பு மருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் தேடிப்பிடித்து அடக்குவதில்லை, அருகில் இருக்கும் இந்த நரம்புகளையும் தூங்கவைக்கிறது. கூடவே சேர்க்கும் ஃபென்டனில் போன்ற மருந்தும் சிறுநீர்ப்பைத் தசையின் சுருக்கத்தை மந்தமாக்கும். அப்புறம், இடுப்புக்கு மேலே போட்ட மருந்து தீர்ந்து கால் அசைய ஆரம்பித்துவிட்டதாலேயே சிறுநீர்ப்பையும் விழித்துக்கொண்டது என்று அர்த்தம் ஆகாது. கால் எழுந்து நடக்கும், பை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதே நேரத்தில்தான் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாகிறது. கர்ப்பத்தில் உடம்பில் சேர்ந்த நீரெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு சில நாட்களில் சிறுநீராகத்தான் வெளியேறும். ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க ஏற்றிய டிரிப்ஸ் வேறு. வலி எழும்ப ஆக்ஸிடோசின் ஓடிக்கொண்டிருந்தால் அது சிறுநீரைக் கொஞ்சம் தடுத்து வைத்திருக்கும். அதை நிறுத்தியதும் மடை திறந்த மாதிரி வரும். உணர்ச்சி இல்லாத பைக்குள், ஒரு நாளில் அதிகம் நீர் இறங்குகிற வேளை அதுதான்.

நிறைந்த பை அமுக்கிக்கொண்டிருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, ரத்தப்போக்கு கூடும். இதை முதல் வருட நர்சிங் மாணவிகூடச் சொல்வாள். தேங்கிய நீரில் கிருமி சேரும், அதுவும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொன்று, அந்தத் தசைக்கு ஏற்படும் காயம். அளவுக்கு மேல் நீண்ட நேரம் விரிந்து கிடந்த சிறுநீர்ப்பைத் தசை, இழுத்து இழுத்து விட்டுப்போன எலாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பாவாடை நாடாவை மாற்றலாம், இதை மாற்ற முடியாது. பெரும்பாலான பெண்களுக்குச் சில நாட்களில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. மிகச் சிலருக்கு அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போய், அவர்களே டியூப் விட்டு நீரை எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதெல்லாம் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

என் மகளின் விஷயத்துக்குப் பிறகு தூக்கம் வராத இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். 2012இல் பி.ஜே.ஓ.ஜி. என்ற மகப்பேறு இதழில், நெதர்லாந்து மருத்துவர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அறவே நீர் பிரியாமல் போகும் வாய்ப்பு எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களிடம் 7 மடங்குக்கு மேல் என்று அதில் கண்டார்கள். வேக்கம் அல்லது ஆயுதம் (இடுக்கி மாதிரியான ஃபோர்செப்ஸ்) போட்டு எடுத்த பிரசவம், கத்தரி வைத்துத் தையல் போட்டது, தலைப்பிரசவம் என்பவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாலும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவதுதான் வழக்கம். தலைப்பிரசவம் நீளும், நீண்டால் எபிடியூரல் கேட்பார்கள், களைத்தால் வேக்கம் வரும், வேக்கம் வந்தால் தையல் வரும். அதனால் எல்லாப் பழியையும் முதுகில் போட்ட ஊசி மேல் மட்டும் சுமத்த முடியாது. என் மகளுக்கு நாலும் இருந்தது. அப்படியென்றால் அவள் விஷயத்தில் நாலு மடங்கு விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

என்னை அதைவிட உலுக்கியது ஹாங்காங்கில் இருந்து 1997இல் வந்த ஆய்வு. பிரசவித்த 691 பெண்களை, அவர்கள் சிறுநீர் கழித்த பிறகு, பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். 100க்குச் சுமார் 15 பேருக்கு நீர் தேங்கியிருந்தது. அதில் அறவே போக முடியாதவர்கள் 5 பேர்தான். மீதி 10 பேரும் போனவர்கள்! ‘போனீங்களா?’ என்று கேட்டால் ‘போனேன்’ என்று சொல்லியிருப்பார்கள். உள்ளே 150 மில்லிக்கு மேல் நின்றிருக்கும். அதாவது, நாம் வார்டில் கேட்கும் கேள்வி மூன்றில் இரண்டு பேரைத் தவறவிட்டுவிடுகிறது. அந்தப் பத்துப் பேரில் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பது உண்மை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது.

இந்தக் கேள்வியைத்தான் மாற்றச் சொல்லி எழுதுகிறேன். ‘போச்சா?’ என்பதை விட்டுவிடுங்கள். ‘எவ்வளவு போச்சு?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, கூட இருக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அளந்தால்தான் தெரியும். ஆகவே அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கையில் கொடுங்கள். ‘முதல் இரண்டு தடவை இதில் போங்க, கொட்டாம எங்கிட்ட காட்டுங்க’ என்று சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போனதைப் பதிவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லியிருக்கிறது. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2006இல் கொடுத்த வழிகாட்டியிலும் அதே 6 மணி நேரம்தான். போகாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் குளிக்க வைத்துப் பாருங்கள், அப்படியும் போகாவிட்டால் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து டியூப் போடுவதை யோசியுங்கள் என்றது அது. (வெந்நீர் ஊற்றுவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வைத்தியம்தான். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தம் கேட்க வைப்பதும் அப்படித்தான்.) வேக்கம், ஆயுதப் பிரசவம் பற்றிய பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. முதல் சிறுநீரின் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் வைத்து முதுகு ஊசியோடு இப்படிப் பிரசவம் பார்க்கப்பட்டவர்களுக்கு, பிறகு 6 முதல் 12 மணி நேரம் கதீட்டர் இருக்கட்டும் என்று 2020இல் வந்த பதிப்பு சொல்கிறது. என் மகளுக்கு அது ஒன்று மட்டும் செய்திருந்தால் போதும், இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. பிரசவம் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்கில் குறித்துவைக்கும் பார்ட்டோகிராஃப் தாளை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் இதயத்துடிப்பு, கர்ப்பப்பை வாய் விரிவு, வலி, மருந்து, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் போய்க் கடைசியில், தாளின் அடியில், சிறுநீருக்கு ஒரு இடம் இருக்கிறது. புரதம், அசிட்டோன், அளவு என்று மூன்று கட்டங்கள். எத்தனையோ ஆயிரம் தடவை நான் நிரப்பியிருக்கிறேன். அவசரத்தில் வெறுமனே விட்டும் இருக்கிறேன். குழந்தை பிறந்ததும் அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு, மருந்து இன்னும் இறங்காத, நீர் அதிகம் சேர்கிற அந்த 12 மணி நேரத்துக்கு நம் கேஸ் ஷீட்டில் ‘அளவு’ என்ற கட்டம் பல இடங்களில் இல்லை. வெறும் ‘யூரின் பாஸ்டு’ என்ற டிக் மார்க்தான். குழந்தை எத்தனை தடவை நனைத்தது என்பதைக் கவனமாக எழுதுகிறோம். அம்மாவுக்கு ஒரு டிக்.

மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போடுவதற்கு முன் கையெழுத்து வாங்கும்போது ரத்த அழுத்தம் குறையலாம், தலைவலி வரலாம் என்று சொல்கிறீர்கள். அதோடு இன்னும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘இது போட்ட பிறகு நீர் முட்டுவது கொஞ்ச நேரத்துக்குத் தெரியாமல் போகலாம், முட்டினாலும் முட்டாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் உடனே சொல்லுங்கள்.’ வலி வந்து துடிக்கும் நேரத்தில் அவளுக்கு இது ஏறாது. அதனால் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லுங்கள், கூட வருபவர்களிடமும் சொல்லுங்கள். மருந்தின் வீரியத்தைக் குறைத்துக் கொடுக்கும் இந்தக் காலத்து முறையில் பல பெண்கள் பிரசவ வலியின் நடுவிலேயே பெட்பேனில் போக முடிகிறது. அப்படி முடிகிறவரை போகச் சொல்லலாம். முடியாதபோது டியூப் விட்டு எடுத்துவிடலாம். குழாயை முதுகிலிருந்து எடுத்த நேரத்தை வார்டுக்குப் போகும் தாளில் பெரிதாக எழுதி அனுப்புங்கள். அங்கிருந்துதான் கடிகாரம் ஓட வேண்டும்.

‘இப்படியெல்லாம் எழுதினால் பெண்கள் எபிடியூரலுக்கே பயப்படுவார்கள்’ என்று எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் அம்மா சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பயம் ஏற்கனவே இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. ‘முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி’ என்று ஊரெல்லாம் பேச்சு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பு, எபிடியூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டநாள் முதுகுவலியில் வித்தியாசம் இல்லை என்றும், சிசேரியனும் அதனால் கூடவில்லை என்றும் சொல்கிறது. அதே தொகுப்பு, சிறுநீர் தேங்குவது எபிடியூரல் போட்டவர்களிடம் அதிகம் என்றும் சொல்கிறது. வராத முதுகுவலிக்காக ஒருத்தி ஊசியே வேண்டாம் என்கிறாள். ஊசி போட்டுக்கொண்ட இன்னொருத்திக்கு, வரக்கூடிய நீரடைப்பைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. முன்கூட்டியே சொல்லி, அளந்து, நேரத்துக்கு எடுத்துவிட்டால் இது ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்பதால்தான் பயமில்லாமல் சொல்லலாம் என்கிறேன்.

சிசேரியன் ஆனவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அவர்களுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. கதீட்டர் ஏற்கனவே இருப்பதால் முதல் கண்டம் தப்பிவிடுகிறது. எடுத்த பிறகுதான் பார்க்க வேண்டும். டியூப் எடுத்த நேரம், அதற்குப் பிறகு முதலில் போன நேரம், அளவு. அங்கேயும் 6 மணி நேரம்தான் கணக்கு.

வார்டு சிஸ்டர்களே, இனி உங்களிடம் மட்டும் பேசுகிறேன். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு கையில் மானிட்டர், ஒரு கையில் போன், 3 மணிக்கு ஒரு பிரசவம், 3:20க்கு இன்னொன்று. இதில் ஜக்கும் அளவும் இன்னொரு வேலை என்று தோன்றும். ஆனால் ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை அளப்பது மொத்தம் 5 நிமிட வேலை. தவறவிட்டால் வருவது கதீட்டர், யூரின் கல்ச்சர், ஆன்டிபயாடிக், இரண்டு நாள் கூடுதல் கவனிப்பு. அதுவும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். மாமனார் கட்டில் ஓரத்தில் நிற்பார், கொழுந்தன் பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பான். அந்த நேரத்தில் வாசலில் நின்றபடி, ‘யூரின் போச்சா, மோஷன் போச்சா?’ என்று சத்தமாகக் கேட்டால் எந்தப் பெண்ணும் ‘போச்சு’ என்றுதான் சொல்வாள். அந்தக் கேள்வி சீக்கிரம் முடிந்தால் போதும் அவளுக்கு. திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் போய்க் கேளுங்கள். தையல் எரியும் என்ற பயத்தில் அடக்குகிறாளா, வழுக்குமோ என்று பயப்படுகிறாளா, கழிவறை தூரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, போர்வைக்கு மேலே அடிவயிற்றில் கையை வையுங்கள். கர்ப்பப்பை ஒரு பக்கம் ஒதுங்கி மேலே ஏறியிருந்தால், எதுவும் சொல்லாமலே கை சொல்லிவிடும். ஸ்கேன் மெஷின் எல்லா வார்டிலும் இருக்காது. கை எல்லோரிடமும் இருக்கிறது. நான் அதை 11 மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அளந்தபோது 200 மில்லிக்குக் குறைவாக இருந்தால், இல்லை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாள் என்றால், மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். டாக்டரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். டாக்டர்களே, அந்த சிஸ்டர் இரவு 3 மணிக்குக் கூப்பிட்டால், ‘இதுக்கெல்லாமா கூப்பிடறீங்க?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை அப்படிக் கேட்டால் அடுத்தமுறை அவர் கூப்பிட மாட்டார்.

என் மகளுக்கு இரண்டு நாள் கதீட்டர் இருந்தது. எடுத்த பிறகு போனாள், ஆனாலும் உள்ளே 350 மில்லி நின்றது. மறுபடியும் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘தாயும் சேயும் நலம்’ என்றுதான் இருந்தது. தொட்டில் கட்டிய அன்றைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சேலைக்குள் யூரின் பேக்கை மறைத்து, ஒரு காலை மடக்காமல் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ராத்திரி குழந்தையைத் தூக்க எழும்போதெல்லாம் டியூப் கட்டிலில் மாட்டி இழுக்கும். ‘எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?’ என்று ஒருநாள் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

14ஆம் நாள் டியூபை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, சமையலறையில் இருந்த பழைய அளவு ஜக்கைக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். முதல் நாள் நின்ற அதே மாதிரிதான். ஆனால் இந்தமுறை ‘போனியா?’ என்று கேட்கவில்லை. ‘எவ்வளவும்மா?’ என்றேன். ஜக்கோடு வெளியே வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். 280. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 300. அந்த ஜக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

உங்கள் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை அடுத்த முறை அச்சடிக்கும்போது, ‘யூரின் பாஸ்டு’ என்ற அந்த டிக் கட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே இதைப் போடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்:

முதல் சிறுநீர்: ____ மணி, ____ மில்லி.
இரண்டாவது சிறுநீர்: ____ மணி, ____ மில்லி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு லேபர் வார்டு செவிலியர்